பாலையடியில் நிற்காத வண்டி

செல்வராசா தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டையோடு பிரதேச சபைக்குள் நுழைந்து, "காட்டுக்கு நெருப்பு வச்சது நாந்தாங்க" என்று சொன்னபோது, குழாய்நீர் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுக்க வந்தவரைப் போலத்தான் இருந்தார். குரலில் நடுக்கம் இல்லை. கண்ணில் வெட்கமும் இல்லை. மனப்பாடம் செய்ததை மறக்குமுன் ஒப்பித்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது.

நிரோஜன் தன் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். வருமானப் பரிசோதகர் என்று அவனுக்குப் பெயர். வேலை ஒப்பந்த அடிப்படையில். சந்தைக் கடைகளின் வாடகையும் வீடு காணிகளுக்கான ஆதனவரியும் சேர்ப்பது அவன் பொறுப்பு. இந்தச் சபையில் அவன் இருந்த காலத்தில், வரி கட்ட வந்த எவருக்கும் யாரும் கதிரை இழுத்துப் போட்டு அவன் கண்டதில்லை. இன்றைக்குச் செயலாளர் குகதாசன் தானே எழுந்து வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ செல்வராசா. நிரோஜன், தேத்தண்ணிக்குச் சொல்லும் தம்பி. பிஸ்கற்றும் கொண்டுவரச் சொல்லும்."

முந்நூறு ஏக்கர் காட்டை எரித்ததாகச் சொல்லும் ஆளுக்கு இஞ்சி பிஸ்கற். நிரோஜனுக்கு அந்த இடத்திலேயே ஏதோ உறுத்தியது. ஆனால் அவன் தன் உறுத்தலை உடனே நம்புகிறவன் அல்லன். ஒருவேளை செயலாளர் நல்ல மனிதராக இருக்கலாம். ஒருவேளை தனக்குத்தான் எதைக் கண்டாலும் கோணலாகத் தெரிகிறதோ என்னவோ.

"கரிச்சூளை மூடி சரியா மூடலீங்க. காத்து அடிச்சிருச்சு. அவ்வளவுதாங்க" என்றார் செல்வராசா. சொல்லி முடித்ததும் குகதாசனின் முகத்தைப் பார்த்தார். சரியாகச் சொன்னேனா என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"காணும், காணும். வெள்ளிக்கிழமை மாகாணத்தில இருந்து ஒரு அம்மா வருவா. அவவுக்கு முன்னாலயும் இதைத்தான் சொல்லி ஒரு கையெழுத்து வைக்கோணும். பயப்பிடாதையுங்கோ. வழக்கு எண்டு கோட்டில சின்னத் தண்டம் வரும். அதை நாங்கள் பாப்பம்."

செல்வராசா பிஸ்கற்றை முழுதாகத் தின்னாமல், பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

நெருப்பு வந்தது மூன்று கிழமைக்கு முன், கச்சான் காற்று அகோரமாய் வீசிய ஆவணி மாதத்து நண்பகலில். பாலையடிப் பிள்ளையாருக்கும் மருதங்காட்டுச் சந்திக்கும் இடையில் கிடந்த பற்றைக்காடு முழுவதும் பிற்பகலுக்குள் கரியாகிப் போயிற்று. காட்டோடு நின்றிருந்தால் சபை தப்பியிருக்கும். நெருப்பு மருதங்காட்டுச் சந்தைக்குள் புகுந்தது. கடைக்கூரைகள் விழுந்தன. நிலத்துக்கு மேலால் போன பிளாஸ்ரிக் தண்ணீர்க்குழாய் மெழுகுபோல் உருகி ஓடியது. தெருவிளக்கு வயர்களும் மிஞ்சவில்லை.

அந்தச் சந்தைதான் சபையின் சோற்றுப்பானை. சொந்த வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது. எரிந்த கடைக்கு வாடகை கேட்க முடியுமா? வாடகை நின்றது. செலவோ நிற்கவில்லை. எரிந்த மரம் அகற்ற உழவு இயந்திரம், வீடுவீடாகத் தண்ணீர் கொண்டுபோக டீசல், நாள்கூலிக்கு ஆட்கள். நூலகக் கூரைக்கு என்று ஒதுக்கி வைத்த காசு டீசலாகிப் புகைந்து போயிற்று. இனி வெட்டுவதற்கு மிஞ்சியது ஒப்பந்தக்காரரின் சம்பளம்தான் என்று அலுவலகத்தில் கதை அடிபட்டது. நிரோஜனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

மாகாணத்தில் புனரமைப்பு நிதி இருந்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. நெருப்பு வெளியாரால் வந்திருந்தால் நிதி கிடைக்கும். சபையின் சொந்தக் கவனக்குறைவால் வந்திருந்தால் சபையே தன் கையால் கட்டிக்கொள்ள வேண்டும். 'யாரென்று தெரியாது' என்றால் பொலிஸ் விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அது எந்தக் காலத்தில் முடியுமோ. ஆகவே சபைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். தேவைப்பட்ட நேரத்தில் ஆளும் தானாக நடந்து வந்துவிட்டான்.

அதுதான் நிரோஜனுக்குப் பிடிபடவில்லை.

இத்தனை நட்டத்துக்குள்ளும் சபையில் ஒரு பெருமை ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற்றும் புதுத் தாங்கி வண்டி, பவுசர், வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் நெருப்பும் வந்தது. "பிள்ளையார் பாத்து அனுப்பின வண்டி. இல்லாட்டி ஊரே போயிருக்கும்" என்று சபைத் தலைவரான தவிசாளர் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். நெருப்பு மூண்ட இடத்துக்கு முதலில் போய் நின்றதும் அதே பவுசர்தான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கவில்லை என்பதை மட்டும் யாரும் கூட்டத்தில் சொல்லவில்லை. புது வண்டி, வெறுந்தாங்கி. குளத்துக்கு ஓடி நிரப்பிக்கொண்டு வருவதற்குள் சந்தை போய்விட்டது.

வெறுந்தாங்கியோடு அந்த வண்டி காட்டோரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கேள்வி நிரோஜனுக்குப் புதன்கிழமை சைக்கிள் மிதித்துக்கொண்டு போகும்போதுதான் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

பாலையடியில் இறங்கினான். வன்னியில் காட்டுக்குள் போகிற எவரும் காட்டு வாசலில் இருக்கும் பிள்ளையாருக்கு ஒரு குழை, இலையோடு ஒரு சிறு கிளை, முறித்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். விறகுக்காரர், தேன் எடுக்கிறவர், மாடு தேடிப் போகிறவர், பஸ் சாரதி, எல்லோருந்தான். வைத்த குழைகள் வெயிலில் காய்ந்து பாலை மரத்தடியில் ஆளுயரக் குவியலாகக் கிடக்கும். இப்போது அந்தக் குவியல் இல்லை. கல்லுப் பிள்ளையார் கரி பூசிக்கொண்டு தனியே இருந்தார். பாலை மரத்தின் ஒரு பக்கம் தோலுரிந்து வெடித்திருந்தது.

அவன் பிள்ளையாருக்குப் பின்னால், மேற்குப் பக்கமாகப் போனான். அங்கே காய்ந்த புல்லும் பச்சைப் பற்றையும் முன்பு இருந்தபடியே நின்றன. ஓர் இலைகூடக் கருகவில்லை. திரும்பிக் கிழக்கே பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு. செல்வராசாவின் கரிச்சூளை கிழக்கே, காட்டின் நடுவில். கச்சான் மேற்கிலிருந்து வீசும் காற்று. சூளையில் பிடித்த நெருப்பு சந்தைக்குப் போகலாம். காற்றை எதிர்த்துக்கொண்டு பிள்ளையாரடிக்கு எப்படி வரும்?

'நீ என்ன பெரிய நெருப்பு நிபுணனா' என்று தன்னையே கேட்டுக்கொண்டான். காற்று ஒருவேளை சுழன்றிருக்கலாம். அப்போது தெருவில் இரைச்சல் கேட்டது. பவுசர் வந்தது. ஓட்டிவந்தவன் தர்ஷன். சபையில் அவனைவிடப் பக்திமான் கிடையாது. இந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, குழை வைத்து, கற்பூரம் கொளுத்தாமல் போனதே இல்லை. அதனால் பிந்துகிறது என்று செயலாளரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறான்.

பவுசர் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. தர்ஷன் நேரே தெருவைப் பார்த்தபடி போனான். பிள்ளையார் பக்கம் ஒருதரமும் தலை திரும்பவில்லை, கடன்காரன் வீட்டைக் கடக்கிறவனைப்போல.

வியாழன் காலை மாகாண அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. செயலாளர் வெளியே போயிருந்தார். நிரோஜன் எடுத்தான். பேசியவர் இராசேஸ்வரி, நாளைக்கு வரப்போகும் அலுவலர்.

"அந்தக் கரிக்காரர் நாளைக்கு இருப்பாரோ தம்பி?"

"ஓம் மேடம். வாறன் எண்டவர்."

"அவருக்குச் சொந்தக் காணி ஏதும் இருக்கோ?"

"ஓம், மருதங்காட்டில வீட்டுக்காணி. ஏன் மேடம்?"

"அறவிடேக்க தேவைப்படும். நாங்கள் சபைக்குக் காசு தருவம். பிறகு அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்ட ஆளிட்ட இருந்துதான் எடுக்கோணும். காசு இல்லாட்டிக் காணி. உங்கட செயலாளருக்கு இதெல்லாம் தெரியுமே."

செயலாளருக்குத் தெரியும். அப்படியென்றால் செல்வராசாவுக்கு?

பின்னேரம் நிரோஜன் மருதங்காட்டுக்குப் போனான். செல்வராசாவின் மனைவி வீரம்மா எரிந்த சந்தைக்கு முன்னால் ஒரு தறப்பாளின் கீழ் தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பன் ஆயி காலத்தில், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், மலையகத்துத் தோட்டத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பம். அரைவாசி ஆயுள் காணி உறுதிப் பத்திரத்துக்காக அரச கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, நான்கு வருடத்துக்கு முன்தான் உறுதி கைக்கு வந்தது.

"வாங்க தம்பி. கடையே இல்ல, வாடகைக்கு வந்துட்டீங்க?"

"வாடகைக்கு வரேல்லையம்மா. ஒரு தேத்தண்ணி தாங்கோ."

"சபைக்காரங்க காசு குடுத்துக் குடிக்கிற நாளும் வந்திருச்சு. நெருப்பு நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்று சொல்லிச் சீனியைப் போட்டுக் கலக்கினாள். கலக்கும்போதும் கண் அவன் மேலேயே இருந்தது.

"அண்ணை ஏனம்மா ஒத்துக்கொண்டவர்?"

கலக்கிய கை நின்றது. "அவரு செஞ்சாரு, ஒத்துக்கிட்டாரு. ஒங்களுக்கு என்ன?"

"சூளையில இருந்து நெருப்பு பாலையடிக்கு வந்திருக்கேலாது. காத்து மற்றப் பக்கம்."

"ஆரு அனுப்பினது ஒங்கள? செயலாளரா? நாங்க மாறிச் சொல்லுவோமான்னு பாக்க அனுப்பினாரா?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

"ஒருத்தரும் அனுப்பாம ஒருத்தரு வருவாங்களா?" அவள் சிரித்தாள், சிரிப்பில் நம்பிக்கை இல்லை. "நல்லாக் கேட்டுக்கங்க. புதுச் சந்தையில மூலைக்கடை எங்களுக்குன்னு செயலாளரு வாய்விட்டுச் சொல்லியிருக்காரு. ரெண்டு தெருவுக்கும் வாசல் வச்ச கடை. ஒரு சின்ன அபராதத்துக்கு அது மோசமா? ஒங்க வேலையப் பாருங்க தம்பி."

"சின்ன அபராதம் இல்லையம்மா. முழு நட்டத்தையும் அண்ணையிட்ட எடுப்பினம். காசு இல்லாட்டிக் காணியை எடுப்பினம். மாகாணத்து மேடம் இண்டைக்குத்தான் சொன்னவா."

வீரம்மா கேத்தலை இறக்கி வைத்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "பூசத் தேங்காயத்தானே நா அன்னைக்குச் சம்பல் அரச்சேன்" என்றாள்.

"எந்தப் பூசை?"

"ஒங்க தண்ணி வண்டிப் பூசதான். பாலையடியில ஒடச்சாங்கல்ல. நா வெறகுக்குப் போனவ, ஒடச்ச தேங்காயப் பொறுக்கிக்கிட்டு வந்தேன். பூசணிக்காயில கற்பூரம் எரிய எரியத்தான் போட்டு ஒடச்சாங்க. நா வீட்டுக்கு வந்து தேங்காயத் திருவயில பொக கெளம்பிருச்சு."

"பூசை முருகன் கோயில் வாசலிலதான் நடந்தது எண்டு செயலாளர் சொன்னவர். பிரசாதம் எண்டு எங்களுக்குக் கடலையும் வாழைப்பழமும் தந்தவர்."

"கடலை நல்லா இருந்துச்சா?" என்றாள் வீரம்மா.

நிரோஜன் கோப்பையைக் கீழே வைத்தான். "இவ்வளவையும் பாத்துப்போட்டு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா? அந்த வண்டிதான் இப்ப எங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாருது. தண்ணிய நிப்பாட்டுனா ஒங்க வீட்டுக் கெணத்துக்கு நாங்க வரலாமா?" அவள் அவனை மறுபடி கூர்ந்து பார்த்தாள். "காணி கதை நெசமா? இல்ல, மூலைக்கடைய வேற யாருக்காவது எடுக்க இப்படிக் கத கட்டுறீங்களா?"

"உண்மையம்மா."

"எல்லாருந்தான் உண்மைன்னு சொல்றாங்க" என்று அவள் அடுத்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊற்றத் திரும்பிவிட்டாள். நம்பினாளா இல்லையா என்பது அவனுக்குத் தெரியவில்லை.

செயலாளர் கெட்டவர் அல்லர் என்பதுதான் இதில் பெரிய கரைச்சல். மருதங்காட்டிலிருந்து திரும்பியதும் அவன் துணிந்து காணி அறவிடுவதைப் பற்றி அவரிடம் வாய் திறந்தபோது அவர் கோபிக்கவில்லை. "நீர் வரி எடுக்கிற ஆள், உமக்குத் தெரியாததே? அந்தக் காசு வராட்டிச் சந்தை இல்லை. சந்தை இல்லாட்டிச் சபைக்கு வருமானம் இல்லை. ஆரையெல்லாம் வேலையால நிப்பாட்டோணும் எண்டு நான்தான் சொல்லவேண்டி வரும். உம்மையும் சேர்த்துத்தான் தம்பி. கரிக்காரனிட்ட அறவிடுறது எண்டு எழுதுவினம், நடக்காது. கந்தோர் விசயம் ஆறிப்போகும்" என்றார். ஆறிப்போகலாம். ஆறாமலும் போகலாம். ஆறாவிட்டால் எரிவது அவருடைய காணி அல்ல.

வெள்ளிக்கிழமை இராசேஸ்வரி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பருத்திச் சேலை, வெயிலுக்குக் குடை. வட்டக்கச்சியில் பிறந்து வளர்ந்தவர் என்று வந்தவுடனேயே தெரிந்தது. குளத்தில் தண்ணீர் எவ்வளவு, காலபோகம் விதைப்பீர்களா என்றுதான் முதலில் கேட்டார். சபையின் வாகனத்தைத் தர்ஷன் ஓட்டினான். முன்னால் இராசேஸ்வரி. பின்னால் குகதாசன், நிரோஜன், நடுவில் நெருக்கிக்கொண்டு செல்வராசா, அதே வெள்ளைச் சட்டை. வீரம்மா அவரிடம் சொன்னாளா? அவர் முகத்தில் நிரோஜனால் எதையும் வாசிக்க முடியவில்லை.

பாலையடி தெரிந்ததும் தர்ஷன் வேகத்தைக் கூட்டினான்.

"நிப்பாட்டும் தம்பி, நிப்பாட்டும்" என்றார் இராசேஸ்வரி.

"சூளை இன்னும் உள்ளுக்கு மேடம்" என்றார் குகதாசன். "நேர போவம்."

"என்ன கதை கதைக்கிறியள்? பிள்ளையாருக்குக் குழை வைக்காமல் காட்டுக்குள்ள போறதோ? என்ர அப்பா கேட்டால் என்னை அடிச்சே கொண்டுபோடுவார்."

வண்டி நின்றது. அவர் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். முறிப்பதற்குப் பச்சைக் குழை ஒன்றும் கண்ணில் படவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு பிள்ளையாருக்குப் பின்னால் போனார். மற்றவர்களும் போகவேண்டி வந்தது. அங்கே நின்ற பற்றையில் ஒரு கிளையை முறித்தவர், அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். பச்சையைப் பார்த்தார். திரும்பிக் கறுப்பைப் பார்த்தார்.

"அண்டைக்குக் கச்சான்தானே அடிச்சது?"

"ஓம் மேடம்" என்றான் நிரோஜன்.

"சூளை எந்தப் பக்கம்?"

செல்வராசா கிழக்கே கையை நீட்டினார்.

"அப்ப நெருப்பு காத்துக்கு எதிரா நடந்து பிள்ளையாரைக் கும்பிட வந்ததோ?"

"சில நேரம் காத்துச் சுழலும் மேடம்" என்றார் குகதாசன்.

இராசேஸ்வரி செல்வராசாவிடம் திரும்பினார். "நீங்கள்தானோ நெருப்பு வைச்சது?"

செல்வராசா சட்டைப் பொத்தானைத் தடவினார். குகதாசனைப் பார்த்தார், நிரோஜனைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அம்மா, நா ஆமான்னா எங்க காணிய எடுப்பீங்களா?"

"நட்டத்தை அறவிடத்தானே வேணும். ஓம், எடுக்கவேண்டி வரலாம்."

"அப்ப நா வைக்கலீங்க" என்றார் செல்வராசா.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இராசேஸ்வரிக்கு மட்டும் உதட்டோரம் சற்று அசைந்தது. "அப்ப ஆர் வைச்சது?"

காற்று கரித்தூளைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. செல்வராசா வாயை மூடிக்கொண்டார். தான் தப்பினால் போதும், தண்ணீர் வண்டியைப் பகைக்க அவருக்கு விருப்பமில்லை. குகதாசன் நிரோஜனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும். கெஞ்சல்தான் இருந்தது.

"எங்கட பவுசருக்கு இந்த இடத்திலதான் பூசை செய்தது மேடம்" என்றான் நிரோஜன். தன் குரல் வேறொருவனுடையதுபோல் கேட்டது. "பூசணிக்காயில கற்பூரத்தோட அடிச்சு உடைச்சது. பக்கத்தில காஞ்ச குழை கிடந்தது."

"உமக்கு எப்பிடித் தெரியும்? நீர் அங்க நிண்டனீரோ?" என்றார் குகதாசன்.

"நான் நிக்கேல்லை சேர்."

"நான் நிண்டனான்" என்றது தர்ஷனின் குரல். அவன் வண்டியோடு சாய்ந்து நின்றான். "நான்தான் உடைச்சனான். கற்பூரத் துண்டு ஒண்டு குழைக்குள்ள விழுந்தது. காலால மிதிச்சு அணைச்சுப்போட்டன் எண்டுதான் நினைச்சனான் அம்மா. எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நிண்டவை. புகை வந்தாப் பிறகுதான்... தாங்கியில தண்ணி இல்லை." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

இராசேஸ்வரி கையிலிருந்த குழையைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டார். சூளையைப் பார்க்க அவர் போகவில்லை.

சந்தைக்கு நிதி வரவில்லை. குடிநீருக்கு வேறொரு கணக்கிலிருந்து குழாய்கள் மட்டும் கிடைத்தன. சபை தகரமும் கிடுகுமாகச் சந்தையைத் திரும்ப நிறுத்தியது. வாடகை கூடியது. ஆதனவரியும் கூடியது. குகதாசனுக்கு இடமாற்றம் வந்தது. நிரந்தர ஊழியனான தர்ஷன் எச்சரிக்கையோடு தப்பினான். ஒப்பந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை, நிரோஜன் உட்பட. மூலைக்கடை என்று ஒன்று இப்போது இல்லவே இல்லை. வீரம்மா கூடின வாடகையில் நடுவில் ஒரு தகரக்கடை எடுத்திருந்தாள்.

நிரோஜன் சும்மா அப்படிச் செய்திருக்க மாட்டான் என்பதில் ஊர் முழுவதும் ஒரே முடிவாக இருந்தது. மாகாணத்தில் அவனுக்கு வேலை எடுத்து வைத்திருக்கிறார்களாம். இல்லை, அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறானாம். வேலை போனதுகூடக் கண்துடைப்பாம்.

"நெசத்தச் சொல்லுங்க தம்பி" என்று வீரம்மாவே ஒருநாள் கேட்டாள். "அந்தம்மா ஒங்களுக்கு என்ன தந்தாங்க?"

"ஒண்டும் தரேல்லையம்மா."

"சரி, சரி, சொல்ல வேணாம்" என்று அவள் கண்ணைச் சிமிட்டி, அவன் தேத்தண்ணிக்கு இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டாள். வருங்காலத்தில் உதவக்கூடிய ஆளுக்குப் போடும் சீனி அது. அவளைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு ஏன் வாய் திறந்தான் என்று தன்னையே கேட்டால் அவனுக்கும் நேரான பதில் கிடைப்பதில்லை. காணிக்காகவா, அல்லது குகதாசன் கொடுத்த கடலையைத் தின்ற கோபத்திலா?

வேலை போன பிறகு படிக்கச் சேர்ந்த மாலை வகுப்புக்குக் கிளிநொச்சி போகும் வழியில், முதல் மழை பெய்து முடிந்திருந்த ஒரு பின்னேரம், பாலையடியில் சைக்கிளை நிறுத்தினான். கறுப்பு நிலத்தில் அங்கங்கே பச்சை குத்தியிருந்தது. மேற்குப் பக்கத்தில் ஒரு குழையை முறித்துக்கொண்டு வந்தான். பின்னால் பவுசரின் இரைச்சல் கேட்டது. நெருங்கியதும் வேகம் குறைந்தது, வண்டி நின்றது.

தர்ஷன் கதவைத் திறந்தான். உடனே இறங்கவில்லை. அவன் கண் முதலில் நிரோஜனின் கைக்குத்தான் போனது. அதில் குழை மட்டுந்தான், நெருப்புப்பெட்டி இல்லை என்று கண்ட பிறகுதான், செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே கால் வைத்தான்.